இரண்டாம் ஷிப்டு வாரம்

சானடோரியம், தாம்பரம்
10-4-1978

வேணியின் அப்பாவுக்குச் சொர்ணம் வணங்கி எழுதுவது. நான் இங்கே ஊசியும் மாத்திரையுமாகச் சௌகரியம். உங்கள் சௌகரியம், உங்கள் அக்காவின் முழங்கால் வலி, குழந்தையின் சேதி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். "அனைவரும் நலம்" என்று ஒரே வரியில் மூட்டை கட்டி அனுப்புகிற வேலை என்னிடம் வேண்டாம்.

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். மணியம்மா அக்கா சொன்னபடியே முறத்தில் வைத்து, ஓட்டின் மேல் வெயிலில் போட்டு எடுத்துவிட்டுப் படியுங்கள். காகிதத்தில் காசநோய் ஒட்டிக்கொண்டு வராது என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். என் பிள்ளையை அக்கா கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அவர்கள் மனசு நிம்மதியாக இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆறு மாதமாவது இங்கே இருக்க வேண்டுமாம். பாதியில் எழுந்து போனால் வியாதி திரும்ப வரும்போது இதே மருந்துக்கு அடங்காதாம். பக்கத்துக் கட்டில்காரி அப்படிப் போய்த் திரும்பி வந்தவள்தான். அவளைப் பார்த்தால் ஓடிப்போகிற ஆசை தானாக அடங்கிவிடுகிறது.

நான் கிளம்பிய அன்று வேணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன். நாலு வயசுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டதோ. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, என்னைக் கேட்கிறாளா என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் பதிலை வாசல் பார்த்துக் காத்திருக்கும்,
சொர்ணம்


தேங்காய்த்திட்டு, புதுச்சேரி
20-4-1978

அன்புள்ள சொர்ணத்துக்கு வைத்திலிங்கம் எழுதுவது. உன் கடிதம் மூன்று நாள் வெயில் காய்ந்து, அப்பளமாகி என் கைக்கு வந்தது. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. முட்டை கொடுத்தால் பக்கத்துக் கட்டிலுக்குத் தானம் செய்யாதே.

நீ கேட்டபடி தனித்தனியாக எழுதுகிறேன். அக்காவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே. வேணி நன்றாகச் சாப்பிடுகிறாள். பாலவாடியில் புதிதாக ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டு, அதில் வருகிற யானைக்கு நம் மில் மேஸ்திரியின் பெயரை வைத்திருக்கிறாள். உன்னைக் கேட்கிறாள். "அம்மா ஊசி போட்டுக்கப் போயிருக்கு" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறாள்.

இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்டு. பதினொரு மணிச் சங்குக்குப் பிறகுதான் வீடு. மில் கேட்டில் சர்க்கரை தடவிய பன் வாங்கிப் போகிறேன். கொஞ்சம் கண் எரிச்சல், தூக்கம் போதவில்லை. வேறொன்றுமில்லை. இங்கத்திய கவலை உனக்கு வேண்டாம்.

உன் உடம்பு தேறினால் போதும் என்றிருக்கும்,
வைத்திலிங்கம்


சானடோரியம்
23-5-1978

வேணியின் அப்பாவுக்கு. எடை கூடியிருக்கிறது, இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. அங்கே நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை மெய்யாகவே கேட்கிறேன்.

சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று இரண்டு கேட்டேன். சாப்பாட்டுக்குப் பதில் வந்தது, பாட்டுக்கு வந்தது, யானைக்குக்கூட வந்தது. தூக்கத்துக்கு வரவில்லை. உங்கள் தூக்கம் போதவில்லை என்று மட்டும் வந்தது. ஏழு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தவள் நான். எதைத் தாண்டிக் குதித்தீர்கள் என்று தெரியாதா?

சரி, நானே சந்தேகக்காரி என்று இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் அண்ணன், மச்சானைப் பார்க்கத் தாம்பரம் வந்தவர் என்னையும் எட்டிப் பார்த்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, புள்ளைக்கு ராத்திரில கத்துறது இப்ப தேவலையா?" "தேவலைங்கண்ணா" என்று சொல்லி வைத்தேன். தெரியாது என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்ற பயம். அதற்குள் நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிகிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு என்ன?

சொர்ணம்


தேங்காய்த்திட்டு
1-6-1978

அன்புள்ள சொர்ணத்துக்கு. கோபித்துக்கொள்ளாமல் படி. நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை, உன் நலத்தையாவது காப்பாற்றிக்கொள்.

நீ போன அடுத்த வாரம் ஆரம்பித்தது. தூங்கிக்கொண்டிருப்பவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து கத்துகிறாள். அழுகை இல்லை, அலறல். கண் முழுதாகத் திறந்திருக்கும், ஆனால் என்னைத் தெரியாது. "அப்பாடி கண்ணு, அப்பாடி" என்று பிடித்தால் என்னையே பார்த்து மிரண்டு தள்ளுகிறாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். முகத்தில் தண்ணீர் அடித்தோம், உலுக்கினோம், வேப்பிலை அடித்தோம். எதற்கும் அடங்காமல், பிறகு தானாகவே சுருண்டு படுத்துத் தூங்கிப்போகிறாள். கலியபெருமாள் வீட்டில் விளக்கு எரியும். தெருவே எழுந்துவிடும்.

காலையில் அக்கா கேட்டால், "நான் தூங்குனேன் அத்த" என்கிறாளாம். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

தாயத்துக் கட்டியாயிற்று. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரும் கொடுத்தாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனேன். பகலில் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டு டாக்டர் மேஜையில் தாளம் போடுகிறாள். டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். தெருவில், "தாய் ஏக்கம் புள்ளைய புடிச்சி ஆட்டுது" என்கிறார்கள். அக்காவும் அதையே சொன்னாள். நீ அங்கே நினைத்து நினைத்து உருகுவதுதான் இங்கே வந்து பிள்ளையை எழுப்புகிறதாம். அதற்காகத்தான் உன்னிடம் மறைத்தேன். தெரிந்தால் நீ இன்னும் அதிகமாக நினைப்பாய், அல்லது ரயில் ஏறி வந்துவிடுவாய். இரண்டும் வேண்டாம் சொர்ணம். நீ தேறி வா.

வைத்திலிங்கம்


சானடோரியம்
14-6-1978

வேணியின் அப்பாவுக்கு. ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது, கோழி கிறுக்கியதுபோல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்குக் கொஞ்சமாவது தூக்கம் கிடைக்கிறதா?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேணியை நினைக்காமல் இருந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். என் ஏக்கம்தான் காரணம் என்றால் அதை நிறுத்துவது என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். காலையில் எழுந்து கட்டில் கம்பியை எண்ணினேன், சுவரில் பல்லியைப் பார்த்தேன். மத்தியானம் சோற்றைப் பிசையும்போது முதல் உருண்டையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன், அவளுக்கு ஊட்டுகிற உருண்டை. அதோடு முடிந்தது என் வைராக்கியம். அன்று இரவு அவள் கத்தினாளா? கத்தியிருந்தால் எழுதாதீர்கள்.

தாங்க முடியாமல் நர்ஸ் முத்தம்மாளிடம் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்றவர். கேட்டுவிட்டு, "என் ரெண்டாவது பையனும் இதே மாதிரிதான் கத்துனான். உலுக்கக் கூடாது, தண்ணி அடிக்கக் கூடாது. விழுந்துடாம பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்தா போதும். பேயுமில்ல ஒண்ணுமில்ல. நல்ல தூக்கம் நடுவுல எங்கியோ அறுந்துபோவுது, அவ்ளோதான்" என்றார். எது அறுக்கிறது என்று கேட்டேன். "அத வீட்டுல இருக்கிறவங்கதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் நான் இல்லை. நீங்கள் பாருங்கள். அவளை உலுக்க வேண்டாம் என்று அக்காவிடம் நான் கும்பிட்டுக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சொர்ணம்


தேங்காய்த்திட்டு
17-7-1978

அன்புள்ள சொர்ணத்துக்கு. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. உன் எடை இன்னும் கூடியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அக்காவுக்கும் எனக்கும் எப்படியோ பொழுது போகிறது.

உலுக்குவதையும் தண்ணீர் அடிப்பதையும் விட்டுவிட்டோம். அலறல் சீக்கிரம் அடங்குகிறது, ஆனால் வருவது நிற்கவில்லை.

அக்கா ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். படிக்காதவள், ஆனால் கணக்குச் சரியாக இருக்கிறது. எனக்குப் பகல் ஷிப்டு வாரம் வேணி ஒரு நாளும் கத்தவில்லை. நைட் ஷிப்டு வாரத்திலும் கத்தவில்லை. இரண்டாம் ஷிப்டு வாரத்தில்தான், அதுவும் நான் வீடு வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில்தான். யோசித்துப் பார்த்தால் ஒரு நாளும் தப்பவில்லை. "வாய்க்கா ஓரமா சுடுகாட்டத் தாண்டி சைக்கிள்ல வர்ற இல்ல? எதுவோ உன் பின்னாலயே வருதுடா தம்பி. உன்ன ஒண்ணும் பண்ண முடியாம புள்ளைய புடிக்குது" என்கிறாள்.

எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் பிள்ளை விஷயத்தில் பாதி நம்பிக்கையே போதுமானதாக இருக்கிறது. இடுப்பில் இரும்புச் சாவி வைத்துக்கொள்கிறேன். வாசலில் உப்புத் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

அந்த வாரங்களில் எனக்குள்ள கஷ்டம் உனக்குப் புரியும். காலையில் நான் அசந்து தூங்கும்போது அவள் பாலவாடிக்குப் போய்விடுகிறாள். அவள் திரும்புவதற்குள் நான் மில்லுக்குப் போய்விடுகிறேன். ஒரே வீட்டில் இருந்தும் அவள் விழித்த முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் ராத்திரி வந்ததும் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறேன். பன்னைப் பிய்த்து வாயில் வைத்தால் கண்ணைத் திறக்காமலே மெல்லுவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அன்று முழுக்கத் தறியடியில் நிற்கிறேன். பிறகு படுக்க வைத்து, நான் சோற்றில் கை வைக்கும்போது அது வந்துவிடுகிறது.

ஆடி அமாவாசை எனக்கு இரண்டாம் ஷிப்டு வாரத்தில் வருகிறது. தவளக்குப்பம் தாண்டித் தணிகாசலம் என்று ஒரு பூசாரி இருக்கிறாராம். மஞ்சள் கிழங்கை நெருப்பில் சுட்டுத் தொப்புளைச் சுற்றி மூன்று சூடு வைத்தால் நின்றுவிடுமாம். சின்னச் சூடுதான் என்கிறார்கள். அக்கா பேசி முடித்துவிட்டாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை சொர்ணம்.

வைத்திலிங்கம்


சானடோரியம்
24-7-1978

வேணியின் அப்பாவுக்கு. நலம் விசாரிக்கப் பொறுமையில்லை, பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

சூடு வைக்க வேண்டாம். அமாவாசைக்குப் போக வேண்டாம். என் பிள்ளை வயிற்றில் நெருப்புப் படக் கூடாது.

உங்கள் பின்னால் எதுவும் வரவில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வருகிறீர்கள், நல்ல தூக்கத்தில் இருப்பவளைத் தூக்குகிறீர்கள், பன் ஊட்டுகிறீர்கள், படுக்க வைக்கிறீர்கள், கத்துகிறாள். முத்தம்மாள் சொன்ன தூக்கத்தை அறுப்பது யார் என்று இப்போது தெரிகிறதா? பகல் ஷிப்டில் அவள் விழித்திருக்கும்போதே கொஞ்சிவிடுகிறீர்கள். நைட் ஷிப்டில் நீங்கள் வீட்டிலேயே இல்லை. என் ஏக்கம் என்றால் அது எல்லா வாரமும்தான் இருக்கிறது. நைட் ஷிப்டு வாரத்தில் நான் என்ன, அவளை மறந்தா போகிறேன்?

நான் போன பிறகு ஏன் ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். நான் இருந்தபோதும் நீங்கள் இதே வேலைக்குத்தான் வருவீர்கள். "தூங்குற புள்ளைய தொடாதீங்க" என்று உங்கள் கையில் ஒரு தட்டுத் தட்டுவேன். பன்னைப் பிடுங்கி மாடத்தில் வைத்துவிடுவேன். இப்போது தட்டுவதற்கு ஆள் இல்லை. அக்கா உங்கள் கையைத் தட்டுவார்களா? அவர்களுக்கு நீங்கள் தம்பி.

உங்களைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு அப்பா தன் பிள்ளையை ஆசையாகத் தூக்குவதை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனாலும் வருகிற இரண்டாம் ஷிப்டு வாரம் முழுக்க அவளைத் தூக்காதீர்கள். பன்னைக் காலையில் கொடுங்கள், அதற்காக நீங்கள் கொஞ்சம் முன்னால் எழுந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். தொடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உடனே ஒரு வரி எழுதுங்கள். சூடு இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

சொர்ணம்


சானடோரியம்
4-8-1978

வேணியின் அப்பாவுக்கு. நேற்று அமாவாசை முடிந்துவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்கிறேன். நேற்று எந்த நேரத்தில் சூடு வைப்பார்கள் என்று தெரியாததால் நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கடிதம் வந்து, படித்து, அதன் பிறகும் அழைத்துப்போனீர்களா? அப்படி என்றால் அதையாவது எழுதுங்கள்.

பெட்டியைக் கட்டிவிட்டேன். டாக்டர் ஒப்பவில்லை, ஒரு மணி நேரம் திட்டினார். என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் தடுக்க மாட்டார்களாம். வருகிற வியாழக்கிழமை ரயில். பக்கத்துக் கட்டில்காரி என்னோடு பேசுவதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமைக்குள் பதில் வந்தால் இருப்பேன். வராவிட்டால் ஸ்டேஷனுக்கு வாருங்கள். குழந்தையை அழைத்து வராதீர்கள்.

சொர்ணம்


தேங்காய்த்திட்டு
7-8-1978, அவசரத் தபால்

சொர்ணம், ரயில் ஏறாதே. வேணிக்குச் சூடு விழவில்லை. முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள், பிறகு மற்றதைப் படி.

உன் நாலாம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. வழக்கம்போல அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு ஓட்டுப் பக்கம் போனாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். முந்தைய கடிதத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் நீ சிரிப்பாயோ அழுவாயோ. அது போன மாதக் கடைசியிலேயே வந்திருக்கிறது. அக்கா வாங்கி முறத்தில் வைத்து, ஒரு செங்கல்லைப் பாரம் வைத்து ஓட்டின் மேல் போட்டிருக்கிறாள். ஆடி மாதம், தினமும் மேகம். மூன்று நாள் முழு வெயில் படாமல் என்னிடம் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டதற்கு, "மோடமா இருந்துச்சிடா. வெயில் எங்க அடிச்சிது? மோடம் போட்ட நாளெல்லாம் கணக்குல சேத்துக்குவாங்களா?" என்கிறாள். கடிதம் வந்ததே எனக்குத் தெரியாது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று ராத்திரியும் நான் தூக்கினேன், மூன்று ராத்திரியும் அவள் அலறினாள். வியாழக்கிழமை அமாவாசை. "நாங்க மொத பஸ்ல போறோம், நீ தூங்கி எழுந்து சைக்கிள்ல வா" என்று சொல்லிவிட்டு அக்கா பிள்ளையோடு போய்விட்டாள். நான் எழுந்து குளித்துவிட்டு, கொடியில் உலர்த்திய வேட்டியை எடுக்கப் பின்பக்கம் போனேன். ஓட்டின் மேல் முறம். செங்கல்லுக்குக் கீழே உன் கையெழுத்து.

நின்றபடியே படித்தேன். "நீங்கள்தான் வருகிறீர்கள்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு சைக்கிளை எடுத்தேன். கடலூர் ரோட்டில் அப்படி நான் எந்தக் காலத்திலும் மிதித்ததில்லை. அமாவாசை என்பதால் அங்கே கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம்தான் காப்பாற்றியது. நான் போகும்போது வேணிக்கு முன்னால் ஒரு பிள்ளைதான் பாக்கி. கிழங்கு நெருப்பில் கிடந்தது. அக்கா மடியில் வேணி சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும், "அப்பா, எனக்கு மஞ்சப் பொட்டு வைக்கப் போறாங்க" என்றாள்.

வாரித் தூக்கிக்கொண்டேன். அக்கா போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். பூசாரி நல்ல மனுஷர், "பெத்தவன் வேணான்னா நான் தொடமாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, "ராத்திரி கத்தலியேடா" என்றாள்.

கத்தவில்லை சொர்ணம். வியாழன், வெள்ளி இரண்டு இரவும் முழுத் தூக்கம். சனிக்கிழமை ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து ஏதோ முனகினாள். நீ சொன்னதுபோல் சும்மா இருந்தேன், தானே படுத்துக்கொண்டாள். காலையில் நான் பன்னோடு எதிரே உட்கார்ந்தேன். "ஏம்ப்பா தூங்கல?" என்று கேட்டுவிட்டுப் பாதியை எனக்கே ஊட்டினாள்.

ஆனால் தொடாமல் இருந்த அந்த மூன்று இரவு எனக்கு எப்படி இருந்தது என்று நீ ஒருத்திதான் புரிந்துகொள்வாய். உப்புத் தண்ணீரில் கால் கழுவாமல், சாவி இல்லாமல் உள்ளே வந்தேன். அவள் பாயோரம் உட்கார்ந்து, கை தானாகப் போய்விடும் என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவள் தூக்கத்திலேயே புரண்டு, காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். நான் தொடவில்லை, அவள்தான் தொட்டாள். கால் மரத்துப்போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ பெட்டியைப் பிரி. மிச்ச மாதத்தை முடித்துவிட்டு வா.

வைத்திலிங்கம்


சானடோரியம்
10-8-1978

வேணியின் அப்பாவுக்கு. சௌகரியம், சௌகரியம், சௌகரியம். உங்கள் தபால் நேற்று மாலை வந்தது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அக்காவிடம் கோபப்படாதீர்கள். நாலு மாதமாக என் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, ராத்திரி அலறும்போதெல்லாம் அந்த முழங்காலோடு எழுந்து ஓடியவர்கள். முறத்தையும் பிடுங்காதீர்கள். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், பிறகு அவர்கள் ஆசை தீர எத்தனை நாள் வேண்டுமானாலும் காயப்போடட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் முத்தம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். எல்லாம் எழுதிய நீங்கள் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் மடியில் அவள் போட்டது எந்தக் கால், வலதா, இடதா? கொலுசு போட்டிருந்தாளா? அடுத்த தபாலில் மறக்காமல் எழுதுங்கள்.

சொர்ணம்